பெல்ட்டைக் கழற்றச் சொல்லும் சாலை

ரோஹுகூலா கரையில் மரத்தடுப்பு.
எண்டெல் டார்ச்சை ஆட்டி நிறுத்துகிறான்,
மீசையெல்லாம் பனி.
"எடை?"
"அறுநூறு கிலோ கறுப்பு ரொட்டி.
என் எடையைச் சொல்ல மாட்டேன்."
சிரிக்கவில்லை. எட்டு வருஷமாய் இதே பதில்தான்,
ஒரு நாளும் சிரித்ததில்லை.
"பெல்ட்டைக் கழற்று."

முதல் வருஷம் இதே இடத்தில் சண்டை போட்டேன்.
உயிரைக் காப்பது என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்ததை
எதற்குக் கழற்ற வேண்டும்?
உறைந்த கடல்மேல் கணக்கு வேறு என்றான்.
பனி உடைந்தால்
கட்டிக் காத்த வார்தான்
கட்டிப்போட்டு அமிழ்த்தும்.

மற்ற விதிகளும் உமக்குத் தெரியும், ஆண்டவரே.
நடுவில் நிற்கக் கூடாது.
இருபத்தைந்துக்குக் கீழே ஊர வேண்டும்,
இல்லையேல் நாற்பதுக்கு மேலே ஓட வேண்டும்.
இடைப்பட்ட வேகத்தில்
பனிக்கு அடியில் ஓர் அலை எழும்பி
வண்டியோடு கூடவே வருமாம்,
கடைசியில் பாதையை உடைக்குமாம்.
என் ஜெபங்களில் பாதி
அந்த இடைப்பட்ட வேகத்தில்தான்.

சன்வைசருக்குள் வங்கிக் கடிதம்.
மரமில் மூடியதிலிருந்து ஐவார்
விறகு அடுக்குகிறான்,
அடுக்கியதைப் பிரித்து மறுபடி அடுக்குகிறான்.
ஃபின்லாந்தில் வேலை இருக்கிறதாம்,
போகட்டுமா என்று நேற்று கேட்டான்.
போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை.
பாத்திரம் கழுவினேன்.

பாதி வழியில் மூடுபனி.
தீவு இல்லை, கரை இல்லை,
வானத்தையும் தண்ணீரையும்
இன்னும் யாரும் பிரித்து வைக்காதது போல.
முன்னால் போன பால் லாரியின் சிவப்பு விளக்கும் போயிற்று.
மிஞ்சியது ஒரு ஜூனிப்பர் கிளை.
பனியில் குத்தி வைத்தது, என் உயரம்கூட இல்லை.
அதன் பக்கத்தில் போனால்தான்
அடுத்த கிளை தெரிகிறது.

உம்மிடம் வரைபடம் கேட்டேனே, நினைவிருக்கிறதா?
கரை முதல் கரை வரை
எல்லாம் வெளிச்சமாய்.
கேட்டது தப்பென்று சொல்ல மாட்டேன்.
நாளைக்கும் கேட்பேன்.

ஆனால் ஒவ்வொரு கிளைக்கும் அடியில்
ஒரு துளை இருக்கிறது.
விடியுமுன் எண்டெல் வந்திருக்கிறான்,
வண்டியில் அல்ல, நடந்து.
துளைபோட்டு, அளவுகோலை இறக்கி,
தன் எடையை முதலில் வைத்து.
எத்தனை சென்டிமீட்டர் என்று எனக்குச் சொல்வதில்லை.
கிளையை நட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடுகிறான்.
அவன் தம்பியை இந்தக் கடல்தான் எடுத்தது என்கிறார்கள்.
நான் கேட்டதில்லை.

முள் முப்பதில் நடுங்கியது.
காலைத் தளர்த்தினேன். இருபது.
ஊர்வதும் போவதுதான்.
"ஐவார் போகட்டும்" என்றேன் உரக்க,
ரொட்டித் தட்டுகளைத் தவிர
யாரும் இல்லாத வண்டிக்குள்.
சொன்னதும் வயிறு காலியானது போல இருந்தது.
சமாதானம் என்பது இதுவா,
வெறும் பசியா, தெரியவில்லை.
ஒரு ரொட்டியைப் பிய்த்துத் தின்றேன்.
கணக்கில் ஒன்று குறையும்,
என் பேரில் எழுதிக்கொள்ளும்.

ஹெல்டெர்மா. சரளைக்கல், மண், நாய்க் குரைப்பு.
கடைக்கார மாரே கதவைத் திறந்து
"சாலை எப்படி?" என்றாள்.
"தாங்கியது."
வேறென்ன சொல்ல.
மார்ச்சில் எல்லாம் கரைந்துவிடும்,
கிளைகள் மிதந்து வந்து நாணலில் ஒதுங்கும்,
அன்னங்கள் அவற்றை ஏதோ குப்பை என்று கொத்திப் பார்க்கும்.

இவ்வளவு தூரம் கழற்றிவிட்டு வந்தவள்
தார்ச்சாலை தொட்டதும்
முதல் வேலையாய் பெல்ட்டை இழுத்து மாட்டுகிறேன்.
சட்டம் அது, சரி.
ஆனால் கையும் நடுங்குகிறது, ஆண்டவரே.
கெட்டித் தரையில் எனக்கு முன்னால்
யாரும் நடந்து பார்த்திருக்க மாட்டார்கள் என்று
நினைக்கிறேன் போல.