அறை வெப்பநிலை

அறை வெப்பநிலையில் பரிமாறுக என்று
போத்தலின் முதுகில் எழுதியிருக்கிறது.
யாருடைய அறை?
வெள்ளவத்தையில், நாலாம் மாடியில், சித்திரையில்,
யன்னல் கம்பிகளைக் கடல் தின்றுகொண்டிருக்கும்
இந்த அறையையா சொல்கிறார்கள்?
நெத்தலிப் பொதிக்கும் தயிர்ச்சட்டிக்கும் நடுவே
அதைப் பிரிட்ஜில் கிடத்துகிறேன்.

பத்தொன்பது வருடமாக ஷிராஸ் விற்கிறேன்.
முதல் மிடறு யூனியன் பிளேசில்,
கம்பனியின் ஆண்டிறுதி விருந்தில்.
கறுப்பு.
நாவற்பழத்தைக் காய்ச்சி, பனங்கட்டி போட்டு,
கருகிய பலகைக்குள் பூட்டி வைத்ததுபோல்.
பதினைந்து வீதம். கரண்டியால் அள்ளலாம்.
பாரமானதெல்லாம் நல்லதென்று நம்பிய வயது:
பாரமான சங்கிலி, பாரமான கதவு,
மேசையில் கையூன்றிப்
பாரமாகப் பேசும் சுகிர்தன்.
அவனையே கட்டிக்கொண்டேன்.

இப்போது வருவது மெலிந்துவிட்டது.
மேட்டுநிலத்துக் குளிரில் விளைகிறதாம்,
காம்போடு கொத்தாக நொதிக்க விடுகிறார்களாம்,
புது மரப் பீப்பாயின் பக்கமே போவதில்லையாம்.
பெயரையும் சுருக்கி, சிரா.
பழம் அதே பழம்.
எனக்கும் அடையாள அட்டையில் ஒரு பெயர்,
வீட்டில் ஒரு பெயர்.
எதைச் சொல்லிக் கூப்பிட்டால்
எந்த முகத்தோடு திரும்புவேன் என்று
எனக்கே தெரியாது.

கறுவாத்தோட்டத்து டொக்டர் தொலைபேசியில் சீறினார்:
"பிள்ளை, தண்ணி கலந்திட்டாங்களோ?"
இல்லை டொக்டர், இதுதான் இப்போதைய பாஷன்.
"பாஷன் மாறட்டும். என்ர வாய் மாறேல்லை."
பழைய பெட்டி இரண்டு இருந்தால்
ஒளித்து வைக்கச் சொன்னார்.

ஒருகொடவத்தைக் களஞ்சியத்தில் பலீல்
ஒரு சொட்டும் வாயில் வைத்ததில்லை.
உடைந்த போத்தல்களின் கணக்கு அவனிடம்.
"முந்தியெல்லாம் ஒண்டு உடஞ்சா
சீமெந்தில கறை பெருநாள் மட்டும் நிக்கும்.
இப்ப ஒரு ஈரத்துணி போதும், மிஸ்."
ஏசி அறையில் வெள்ளை விரிப்புப் போட்டு,
அரைநாள் கொப்பளித்துத் துப்பி
நாங்கள் எழுதிய அறிக்கையில்
இதைவிடத் தெளிவாக ஒரு வரியும் இல்லை.

சுகிர்தன் பழசையே குடிக்கிறான்.
"நீ பாஷனுக்குப் பின்னால போறாய்."
மேசையில் நண்டுக் குழம்பு. இரண்டு போத்தல்.
அவனுடையது மிளகாய்த்தூளோடு சேர்ந்து
தொண்டையில் பற்றுகிறது;
வியர்க்க வியர்க்க, நல்லாயிருக்கு என்கிறான்.
பொய் இல்லை. அவனுக்கு நல்லாய்த்தான் இருக்கிறது.

நான் அவனுக்குச் சொல்லாதது:
அந்தக் காய்ச்சல் வருடம், ஊரடங்கில்,
நாற்பத்தொரு நாள் எனக்கு வாசமே இல்லை.
தேத்தண்ணி வெறும் சூடு. மாம்பழம் வெறும் ஈரம்.
அவன் கழுத்தில் முகம் புதைத்தேன்,
சுண்ணாம்பு அடிக்காத சுவர்.
மூக்கு போனால் வேலையும் போகும்.
அவன் எழும்ப முதல், விடியலில்,
சரக்குத்தூள் போத்தல்களை ஒவ்வொன்றாய்த் திறந்து
முகத்தருகே பிடித்துக்கொண்டு நிற்பேன்.
ஒரு வியாழக்கிழமை
ரசத்துக்குத் தட்டிய மிளகு
எங்கோ தூரத்தில் ஒரு கதவைத் தட்டியது.
முதலில் வந்தது அதுதான்.
கறுவா பிறகு. மனிதர்கள் அதற்கும் பிறகு.

மெலிந்த இந்தச் சிவப்பில் அந்த மிளகு இருக்கிறது.
பாஷன் என்றால் பாஷன்.

பத்தரை. கீழே ரயில் ஒன்று
பாணந்துறைப் பக்கம் போகிறது.
அவன் தூங்கிவிட்டான்.
பிரிட்ஜின் குளிர் அதற்குள் போய்விட்டது;
கிளாசில் ஒரு ஐஸ்கட்டி போடுகிறேன்.
அது வெடிக்கிற சத்தம்
கம்பனி முழுவதற்கும் கேட்கும்போல் இருக்கிறது.
பிறகு, அவன் மிச்சம் விட்ட கறுப்பிலும்
ஒரு வாய்.
நாவற்பழம். பனங்கட்டி. கருகல்.
இன்னும் கொஞ்சம் பிடிக்கிறது, சனியன்.