மேல் வரிசை, இடப்பக்கம், நான்காவது

பிளந்தது எலும்பில்தான்.
ஞாயிறு மதியம், மச்சான் ஆம்பூரிலிருந்து
வாங்கிவந்த பிரியாணி.
டக்கென்று ஒரு சத்தம்.
கறியோடு வந்த எலும்பென்று துப்பினேன்,
என்னுடையது.

டாக்டர் ரெஹானா படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்:
"வேர் வரைக்கும் விரிசல், ஏகாம்பரம் சார். எடுத்தாகணும்.
எடுத்த கையோட ஸ்க்ரூ வச்சிடலாம்.
இல்லன்னா குழி தூரட்டும்,
மூணு நாலு மாசம் கழிச்சு வைக்கலாம்."
எது நல்லது?
"வெளிச்சுவர் முழுசா இருந்தா அன்னிக்கே.
சீழ் இருந்தா யோசிக்கணும்.
எடுத்துப் பாத்தாதான் தெரியும்."

ஆற்காடு ரோட்டுக்குப் பின்சந்து லாட்ஜில்
பதினேழு வருடமாக அறைச்சாவி கொடுப்பவன் நான்.
மால்டா, தன்பாத், அகர்தலா என்று
ஸ்கேன் கவரோடு வருகிறவர்கள்
என் மேஜையில் முழங்கை ஊன்றிக் கேட்பார்கள்:
இப்பவே ஆபரேஷனா, ஊருக்குப் போய்த் திரும்பலாமா?
எனக்குத் தெரிந்த அரைகுறை வங்காளத்தில்
"டாக்டர் சொன்னா சரி, தாதா" என்பேன்.
அவர்கள் படியேறும் சத்தம் ஓய்ந்ததும்
எனக்கு ஒரு டீ சொல்லிக்கொள்வேன்.

கஸ்தூரி சொன்னாள்: அன்னிக்கே முடிச்சுடுங்க,
ரெண்டு ஊசி எதுக்கு, ரெண்டு லீவு எதுக்கு.
மச்சான் சொன்னான்: முப்பத்தஞ்சாயிரமா!
கழட்டி மாட்டுற பல்லு நாலாயிரம்தான், மாமா.
பிரியாணிக்கு அவன் வருத்தமே படவில்லை.

எங்கள் ஊருக்கு ஒரு பழைய கிண்டல் உண்டு:
தண்ணியில்லா ஆறு, ராஜா இல்லாத கோட்டை,
சாமியில்லாத கோயில்.
கடைசியை இப்போது சொல்ல முடியாது.
நான் மூணாவது படிக்கையில்
சாமி உள்ளே வந்துவிட்டது.
அதுவரை எத்தனை தலைமுறை
காலியாகக் கிடந்த கருவறை,
எந்தக் கல்லும் சுருங்கிப் போகவில்லை.
தாடை கல் இல்லை என்றார் ரெஹானா.
சும்மா விட்டால் கரையும்,
முதல் வருடத்திலேயே நிறைய.

செவ்வாய், பதினொன்றரை.
மரத்துப்போன மண்டைக்குள்
யாரோ பீரோ நகர்த்துகிறார்கள்.
இரண்டு துண்டாக வந்தது.
தட்டில் பார்த்தால் இவ்வளவுதான்,
நாற்பது வருடம் என்னோடு சாப்பிட்டது.

கம்பி விட்டுச் சுவரைத் தட்டிப் பார்த்தார்.
"சுவர் இருக்கு. கொஞ்சம் சீழும் இருக்கு.
சுத்தம் பண்ணிட்டு வைக்கலாம். நானா இருந்தா..."
நிறுத்திக்கொண்டார்.
அந்த நிறுத்தம் எனக்குத் தெரியும்.
மேஜைக்கு இந்தப் பக்கம் நின்று
நானும் அங்கேதான் நிறுத்துவேன்.

வாய் நிறையப் பஞ்சு, உறிஞ்சு குழாய்.
"விரலால சொல்லுங்க.
ஒண்ணுன்னா இன்னிக்கு. ரெண்டுன்னா அப்புறம்."

பாலாற்றுப் பாலத்தில் பஸ் நின்ற ஒரு கோடையில்
கீழே ஒருத்தி மணலைத் தோண்டிவிட்டு
குடத்தைக் கவிழ்த்து வைத்து
சும்மா குந்தியிருந்தாள்.
கலங்கல் தெளியணும்.
பஸ் கிளம்பும்வரை அவள் குனியவே இல்லை.

இரண்டு விரல் காட்டினேன்.
அவள் ஞாபகத்தாலா,
சீட்டுப்பணம் கார்த்திகையில்தான் கைக்கு வரும் என்பதாலா,
இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை.

கஸ்தூரிக்குக் கோபம்.
ஆனாலும் ஆற்காட்டு மக்கன் பேடா வாங்கி வைத்திருந்தாள்.
"இதுக்குப் பல்லே வேணாம்" என்றாள்
முகத்தைப் பார்க்காமல்.

சாயங்காலம் ரிசப்ஷன்.
நாக்கு நிமிடத்துக்கொரு தரம்
குழியை எட்டிப் பார்த்துவிட்டு வருகிறது.
முந்நூற்று நாலாம் அறை தபன் தாதா
இறங்கி வந்து முழங்கை ஊன்றினார்.
மனைவிக்கு வால்வு.
இந்த வாரமே செய்யலாமாம்,
பொங்கல் கழித்தும் செய்யலாமாம்.
என்ன செய்ய, தாதா?

வாயில் பஞ்சு.
நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டேன்.
எதிர் டீக்கடைப் பையனுக்கு
இரண்டு விரல் காட்டினேன்.

அவர் பேசிக்கொண்டே இருந்தார்.
என்னுடையது ஆறிக்கொண்டிருந்தது.