மூன்று அடுக்கு

எஞ்சின் முதலில் இருமியது.
பிறகு, பேச்சை மாற்றப் பார்ப்பவரைப் போல,
நின்றது.

அரோசா கழிமுகத்தின் வாய்.
தென்மேற்குக் காற்று கிளம்பிவிட்ட பிற்பகல்.
வலப்பக்கம் பாறை, கால் மைல்கூட இல்லை.
மாருஷா நங்கூரத்தை எறிந்தாள்.
நான் எஞ்சின் அறைக்குள் தலைகீழாக இறங்கினேன்.

ஃபில்டரைக் கழற்றினால்
கறுப்பு.
ஆறிய கஞ்சியின் மேல் படியும் ஆடை
கறுத்துப்போனால் எப்படி, அப்படி.
விரலில் ஒட்டியது, உதறினாலும் போகவில்லை.
புதியதைப் போட்டு, கைப்பம்பை அழுத்தி அழுத்திக்
காற்றை வெளியேற்றி
நாற்பது நிமிடம் ஓடினோம்.
மறுபடி இருமல்.
கையிருப்பு மொத்தமே மூன்று.
மூன்றாவது எங்களைத் துறைக்கு
முன்னூறு அடி முன்பே கைவிட்டது.
மிச்ச தூரத்துக்கு ஒரு மத்திப் படகு கட்டி இழுத்தது.
கயிறு எறிந்தவன் ஒன்றும் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

ஈரக் காலோடு நேரே உஷியோவிடம் போனேன்.
"டீசலில் தண்ணி கலந்து விக்கிறே" என்றேன்,
மட்டி ஏலம் கூவும் குரலில்,
ஐஸ் ஏற்ற வந்தவர்களும் திரும்பிப் பார்க்கும்படி.
உன் அப்பனும் இப்படித்தான் என்று வேறு சேர்த்தேன்.
அவன் அப்பனை நான் பார்த்ததே இல்லை.
உஷியோ கைகளைத் துணியில் துடைத்தான்.
சுத்தமான கைகளை
நெடுநேரம் துடைத்தான்.

அன்றிரவு டேங்க்கின் அடியிலிருந்து
மாருஷாவின் ஆலிவ் ஜாடி நிறைய உறிஞ்சி எடுத்து
மேசையில் வைத்துவிட்டுப் படுத்தோம்.
விடிவதற்குள் அது மூன்றாகப் பிரிந்திருந்தது.
மேலே டீசல், பொன்னிறம், குற்றம் சொல்ல முடியாது.
கீழே தண்ணீர்.
நடுவில், நகத்தின் கனத்தில்,
உயிர்.
எண்ணெயைத் தின்று தண்ணீரில் குடியிருப்பது.
இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் பிழைக்காது.

குளிர்காலம் முழுக்கப் படகு
பாதி டேங்க்கோடு கிடந்தது.
விலை இறங்கட்டும் என்று சொன்னவள் நான்தான்.
காலியான பாதியில் இரும்பு
ராத்திரியெல்லாம் வியர்த்திருக்கும்.
"வேர்த்தா இவ்வளவா?" என்றாள் மாருஷா.
கணக்கில் அவள் கெட்டி.
மேல்தளத்தில் மண்டியிட்டு
டீசல் ஊற்றும் மூடியைத் திருகினாள்.
ரப்பர் வளையம் இருக்க வேண்டிய இடத்தில்
விறைத்து வெடித்த
அரை வளையம்.
நவம்பரிலிருந்து பெய்த மழை
ஒவ்வொன்றும் அந்த வழியாக உள்ளே போயிருக்கிறது.
ஒரு காப்பியின் விலை, அந்த வளையம்.

மருந்து ஊற்றினோம்.
ஆனால் மருந்து கொல்லும், அள்ளிப் போடாது.
செத்ததெல்லாம் திரண்டு வந்து
உயிரோடு இருந்ததைவிட மோசமாக அடைக்கும்.
எனவே தோள்வரை கையை விட்டுச்
சுவர் சுவராகச் சுரண்டினோம்.
மிஞ்சிய டீசலை இரண்டு இரவு
சுற்றிச் சுற்றி வடிகட்டினோம்.
தலைமுடியில் அந்த வாசனை ஒரு வாரம்.
என் மகள் பக்கத்தில் படுக்க மறுத்தாள்.

பிறகு உஷியோவிடம் போக வேண்டியிருந்தது.
துறையில் அவனும் நானும் ஒரு கடற்காகமும்தான்.
கத்தியபோது இருந்த கூட்டத்தை
எங்கே போய்த் திரட்டுவது?

"எவ்வளவு?" என்றான்.
"விளிம்பு வரை."

குழாயைத் திறப்பதற்கு முன்
ஒரு சின்னக் கண்ணாடிச் சீசாவில் பிடித்து
வெளிச்சத்துக்கு உயர்த்தினான்.
மூடி, தேதி எழுதி, என் கையில் கொடுத்தான்.
அவன் பின்னால் பலகையில் அப்படி இருபது சீசா,
இருபது படகின் பெயர்.
எல்லாம் நான் கத்திய நாளுக்குப் பிந்திய தேதிகள்.

தப்பு என் மூடியில் என்று சொன்னேன்.
பம்பு ஓடிக்கொண்டிருந்தது.
அவன் காதில் விழுந்ததா தெரியாது.
இன்னொரு முறை சொல்ல
எனக்கு அந்த ஏலக் குரல் வரவில்லை.

திங்கட்கிழமைதோறும் கிண்ணத்தின் அடித் திருகைத் தளர்த்தி
தேங்கிய சொட்டுகளை வடிக்கிறேன்.
அவன் தந்த சீசா சுக்கான் பக்கத்தில் இருக்கிறது.
எத்தனை குலுக்கினாலும்
ஒரே அடுக்கு.