மிலாறுக் கோடு

கவ்வாத்து முடிந்த ஏழாம் நம்பர் மலை
முழங்கால் உயரத்துக்கு வெட்டுப்பட்டுக் கிடந்தது.
பசறை பஸ்ஸில் வந்திறங்கிய நிவேதினி
வெட்டிப்போட்ட மிலாறுகளைத்தான் கேட்டாள்.
“அடுப்புக்கா?”
“இல்லை, ஒரு படம் போட.”
கணக்கப்பிள்ளை சிரித்தார்.
மூன்று நாளைக்கு ஆளுக்கு ஒவ்வொரு பேர் தருவாளாம்;
நாங்கள் சிரிக்கவில்லை.

வேலை இதுதான்:
மலையில் குப்புறப் படுக்க வேண்டும்.
மண்ணில் காதை வைக்க வேண்டும்.
உள்ளே தண்ணீர் ஓடுவது எங்கே கேட்கிறதோ
அங்கே ஒரு மிலாறு நட வேண்டும்.

இருபத்திரண்டு வருஷமாய் இந்த மலையைக்
குனிந்துதான் பார்த்திருக்கிறேன்.
படுத்தது அன்றைக்குத்தான்.
முதலில் கேட்டது என் இரத்தம்.
அப்புறம் அட்டை ஊருமோ என்ற நினைப்பு.
அப்புறம்,
உரமும் மருந்தும் நெடியடிக்கிற மண்ணுக்கு
வெகு கீழே,
பக்கத்து வீட்டில் யாரோ
அரிசி களைகிற மாதிரி.

“இங்கே” என்றேன்.
எட்டடி தள்ளி செல்வமேரி, “இங்கேயும்.”
மருந்தடிக்கிற சந்திரபோசுக்குக் காது மந்தம்.
அவன் கன்னத்தை வைத்துப் பார்த்து
“இங்கே குளிருது” என்றான்.
அதற்கும் ஒரு மிலாறு கொடுத்தாள்.

மூன்றாம் நாள் மேல் ரோட்டில் ஏறிப் பார்த்தோம்.
கோடு என்று சொல்ல முடியாது,
நடை பழகும் பிள்ளை சுவரில் இழுத்த கரி.
ஏழாம் நம்பரில் தொடங்கி
பிள்ளை மடுவத்தை ஒட்டி இறங்கி
கோயிலுக்குப் பின்னால் சற்றே தயங்கி
எங்கள் லயத்தில் நாலாம் காம்பராவுக்குள் புகுந்து
மறுபுறம் வெளியேறி
துரை பங்களாவின் ரோஜாப் பாத்திக்குப் போனது.

நாலாம் காம்பரா என்னுடையது.

அழகென்று யாரும் சொல்லவில்லை.
செல்வமேரி மட்டும்
“வழி கேட்டுக் கேட்டு வந்திருக்கு” என்றாள்.
நிவேதினி கெமராவை மறந்து நின்றாள்.
பிறகு எடுத்தாள்.
அது அவள் வேலை.

துரை ரோஜாவைப் பார்த்தார்.
அந்திக்குள் பிடுங்கச் சொன்னார்.
நட்டவர்களே பிடுங்கினோம்.
பிடுங்கியதற்கு அரைப் பேர்.
மிலாறுகளை லயத்து அடுப்புகள் பங்கிட்டுக்கொண்டன;
நன்றாகத்தான் எரிந்தன.

ஐப்பசியில் நமுனுகுல மலை
மேகத்துக்குள் போய்த் திரும்பாத ஒரு ராத்திரி
பாயைச் சுருட்டிவிட்டு
சிமெந்துத் தரையில் காதை வைத்தேன்.
அரிசி களைகிற சத்தம்
பக்கத்து வீட்டில் இல்லை.

“என்ன கேக்குது?” என்றாள் தங்கமலர்.
சொல்லவில்லை.
தள்ளிப் படுத்து இடம் கொடுத்தேன்.
தலைமுடியை ஒதுக்கி
அவளும் வைத்தாள்,
வெகுநேரம்.

எழுந்தாள்.
பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள்,
இரண்டு அடையாள அட்டை, நகை அடகு வைத்த துண்டு,
எல்லாவற்றையும் ஒரு ஷொப்பிங் பேக்கில் போட்டுக்
கதவுப் பக்கத்து ஆணியில் மாட்டினாள்.
சின்னவனின் சப்பாத்தை
வாசல் பார்த்துத் திருப்பி வைத்தாள்.

மழை இன்னும் தொடங்கவில்லை.