ஒரு விளக்கு

ஞாயிறு விடிகாலையில்
கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே திருப்பச் சொல்லியிருக்கிறார்கள்.
இன்று வியாழன்.
ஆகவே வேலை முடிந்த பிறகும்
கையில் கொஞ்சம் வெளிச்சம் மிஞ்சும்
இந்த வருஷத்தின் கடைசி வியாழன்.

மேஜா ஆற்றோரம், பேட்டரித் தொழிற்சாலையின்
கார் நிறுத்தத்தில்
பிரினா ஹெல்மெட்டோடு நின்றிருந்தாள்,
வாயில் பாதி வாழைப்பழம்.
"லேட்டு" என்றாள்.
சூரியன்கிட்டச் சொல்லு, என்றேன்.

ஜூனில் இதே பாதையில் ஏறி
உச்சிக் குடிலில் பார்லி சூப் குடித்து
அவளுடைய விவாகரத்தை முதலிலிருந்து பேசி
இறங்கி வந்த பிறகும்
பகல் போகாமல் உட்கார்ந்திருந்தது,
கிளம்பத் தெரியாத விருந்தாளி.
செப்டம்பரில் சூப் போயிற்று.
அக்டோபரில் பேச்சும்.
பெரிதாகிவிட்ட சட்டையைப் போலப்
பகலை இரண்டு பக்கமும் பிடித்துத் தைக்கிறார்கள்,
நாளுக்கு மூன்று நிமிஷம்.

பழைய சுரங்க வண்டிகள் போன சரளைப் பாதை.
ஆகச் சின்ன கியரில்
கால் சுற்றியது, மலை நகரவில்லை.
என் மூச்சு எனக்கு முன்னால் புகையாய்ப் போய் நிற்க
நானே அதற்குள் நுழைந்தேன்.
பீச் மரத்தின் ஈர இலையொன்று
முன்சக்கரத்தில் ஒட்டி
சரக், சரக், சரக் என்று
இரண்டு வளைவுவரை கூட வந்தது.

மேய்ச்சல் வெளியின் படலைக்
கம்பியால் கட்டிக்கொண்டிருந்தார் லோவ்ரென்ட்ஸ்.
மாடுகள் கீழே போய்விட்டிருந்தன.
சாணம் மட்டும் இன்னும் சூடாக.
"விளக்கு இருக்கா?"
"இருக்கு" என்றோம் இருவரும்.

அதற்கு மேல் லார்ச் மரங்கள்.
இந்த மலையின் ஊசியிலைக் கூட்டத்தில்
குளிருக்கு முன் மொத்தத்தையும் உதறுவது இது ஒன்றுதான்.
மஞ்சள் ஊசிகள் சத்தமின்றி
கழுத்துக்குள், செயினில்,
பிரினாவின் பின்னலில்.

உச்சியில் நாங்கள் கால் ஊன்றவும்
ஆஸ்திரியப் பக்கம் சூரியன் விழுந்தது.
தொப்பென்று, காசு உண்டியலில் விழுவதுபோல்.

பையைத் துழாவினேன்.
பம்பு. ட்யூப். ஒற்றைக் கையுறை.
விளக்கு என் சமையலறையில் இருந்தது,
சார்ஜரில், முழுதாக நிரம்பி,
பச்சைப் புள்ளியோடு.

பிரினா திட்டவில்லை. அதுதான் கஷ்டம்.

முதலில் அவள் பின்னால் வந்தாள்.
ஒளி என் முதுகில் மோத
என் நிழல் பாதையில் நீளமாய்ப் படுத்து
நான் பார்க்கவேண்டிய இடத்தையெல்லாம் மறைத்தது.
இருபது மீட்டர் என்மேலேயே ஓட்டினேன்.
பிறகு ஒரு வேர்.
பிறகு தரை.

இடம் மாறினோம்.
இப்போது அவள் முன்னே.
வளைவுக்கு வளைவு வெளிச்சம் தொலைய
குரல் மட்டும் திரும்பி வந்தது:
"வேர்!"
"கல், இடது பக்கம்!"
"மரப்பாலம், ஈரம், பிரேக்கைத் தொடாதே!"
காதால் இறங்கினேன்.
"வேர், ரெண்டு!"
"வீட்டை வித்தாச்சு!"

பெடலில் எழுந்து நின்றேன்,
முழங்கை மடக்கி, எடையைப் பின்தள்ளி,
அது வரட்டும் என்று.
எதுவும் வரவில்லை.
மென்மையான மண். ஊசிகள்.
"என்ன?" என்று கத்தினேன்.
"வீடு! போன வாரம்!
வலது வளைவு, செங்குத்து!"

கீழே பனிமூட்டத்தில்
தொழிற்சாலையின் சோடிய விளக்குகள்.
சைக்கிள்களைக் காரின்மேல் கட்டினோம்.
வீட்டைப் பற்றி நானும் கேட்கவில்லை,
முழங்காலைப் பற்றி அவளும்.
"அடுத்த வியாழன் முழு இருட்டு" என்றாள்.
வரேன், என்றேன்.

வீட்டுக்கு வந்ததும்
விளக்கைப் பிடுங்கி
ஷூவுக்குள் திணித்துவைத்தேன்,
மறக்காமலிருக்க.
வெந்நீரில் முழங்காலைத் துடைத்தபோது
காய்ந்த ரத்தத்தில் ஒரு லார்ச் ஊசி,
நேராக நின்றிருந்தது.