பகல் 2.10, பறவைகள்

பயணத்தாளைத் தட்டச்சு செய்தவள் நான்தான்.
காலை 7.40 நீராவி ரயில், காரைக்குடி.
பகல் 2.10 பறவைகள்.

செட்டிநாடு நிலையத்தில்
எஞ்சினுக்குத் தாகம்.
டேங்கர் லாரி, பச்சைக் குழாய்.
வழிந்த நீரில் முகம் கழுவினார்
ஃபயர்மேன் அந்தோணிராயர்.
முப்பத்திரண்டு பேரும் படமெடுத்தார்கள்.
கோயம்புத்தூர் டாக்டர்
சட்டையில் விழுந்த கரித்தூளைத்
தட்ட விடவில்லை மனைவியை.

பிறகு வேன், வேட்டங்குடி.
தீபாவளிக்கும் இங்கே வெடி கிடையாது,
பறவைகளுக்காக, என்றேன் மைக்கில்.
பலமாகக் கைதட்டினார்கள்.

கண்மாயில் தண்ணீர் இல்லை.
பாளம் பாளமாய் மண்.
கருவேல மரங்களில் போன வருஷக் கூடுகள்,
சுள்ளிக்கும் சுள்ளிக்கும் நடுவே வானம்.
வனக்காவலர் பூமிநாதன்
பைனாகுலரைத் துடைத்துத் துடைத்துக் கொடுத்தார்.
வரிசையாய் வாங்கிப் பார்த்தார்கள், மரியாதைக்கு.

கரைமேல் சாப்பாடு. பொட்டலம்தான்.
கை கழுவிய தண்ணீர்
வேன் சக்கரத்தடியில் ஒரு தட்டளவு தேங்க,
எங்கிருந்தோ இறங்கியது
மண்ணின் நிறத்தில் ஒன்று.

"மடையான்" என்றேன் மெல்ல.
முன்னால் நின்றவர் முறைத்துத் திரும்பினார்.
"பறவையைச் சொன்னேன் சார்."

சிரிக்கவில்லை யாரும்.
டாக்டர் மட்டும் குனிந்து, கேமராவை மறந்து,
தன் பாட்டில் தண்ணீரை
அந்தத் தட்டை நோக்கிச் சாய்த்தார்,
சத்தம் வராமல்.

ராத்திரி கருத்துப் படிவங்களை அடுக்கினேன்.
ஒன்றில்,
'பறவை: 1. நின்றது நாலு நிமிஷம்.'
குறை, நிறை
இரண்டு கட்டத்துக்கும் நடுக்கோட்டின்மேல்
எழுதியிருந்தது.
ஓரத்தில் கரி படிந்த கட்டைவிரல் ரேகை.