தகவல் தந்தவர்

அம்பாறைக் கச்சேரியில் சொல்லிவிட்டார்கள்:
"நீங்க தேடுற வருசத்துல
எங்கட மாவட்டமே பிறக்கயில்ல.
மட்டக்களப்புக்குப் போங்க."

அக்கரைப்பற்றில் ஐந்து மணி பஸ்.
கல்லாற்றுப் பாலத்தில் விடிந்தது.
ஒல்லாந்தர் கோட்டைக்குள் நுழைகையில்
கைப்பையில் அம்மா எழுதித் தந்த துண்டு:
"மாரிப்பிள்ளை. என்ட அம்மம்மாட தாய்.
பேதி வந்த வருசம்."
அவ்வளவுதான் அவளுக்கும் தெரியும்.

எங்கள் பக்கம் குடி தாயால் வரும்.
கோயில் திருவிழாப் பங்கும் அந்த வழியில்தான்.
பதிவேட்டில் குடிக்குக் கூடு இல்லை,
தகப்பன் பெயருக்கு இருக்கிறது.
பெண்ணொருத்தியைப் பிடிக்க
ஆண்களைத் துரத்த வேண்டியிருந்தது:
கந்தப்போடி, கந்தபொடி, க. போடி.
ஒருவனா மூவரா என்று அறியவே
பன்னிரண்டு மணியாயிற்று.

எழுதுவினைஞர் பவளசிங்கம்
சோற்றுப்பார்சலை அவிழ்க்காமல்
இன்னொரு புத்தகம் கொண்டுவந்தார்.
தட்டியதும் ஒரு வெள்ளிப்பூச்சி விழுந்து
மேசை விளிம்புவரை ஓடியது.

இருநூற்றுப் பதினான்காம் பதிவு.
மாரிப்பிள்ளை. வயது இருபத்தொன்பது.
தொழில் என்ற கூட்டில் ஒரு கோடு.
கோட்டின் நடுவே மை பரவியிருந்தது.
எழுதியவர் யோசித்தாரோ, தும்மினாரோ.
சாவின் காரணம்: வாந்திபேதி.
தகவல் தந்தவர்: அவ்வாஉம்மா.
உறவுமுறை: இல்லை. உடனிருந்தவர்.

மறுபடி வாசித்தேன்.
கணவன் இருந்தான், அதே வரியில் இருக்கிறான்.
அண்ணன்மார் மூவர், காலை முழுக்க
நான் துரத்திப் பிடித்தவர்கள்.
பேதி கண்ட வளவுக்கு எவரும் வரவில்லை.
வந்தவள் இவள்.
கஞ்சித்தண்ணி பருக்கியிருப்பாள்,
சீலையைக் கசக்கிப் போட்டிருப்பாள்,
இதெல்லாம் என் ஊகம்.
பதிவு சொல்வது ஒன்றே ஒன்று:
மூன்றாம் நாள்
பதிவுகாரர் கந்தோருக்குப் போய்ச் சொல்லியிருக்கிறாள்.

பெயருக்கு நேரே பெருவிரல்.
மை கூடிப்போய் ரேகை எதுவும் விழவில்லை.
குறுக்கே ஒரு வெள்ளைக் கீறு மட்டும்,
எப்போதோ அரிவாள் பட்ட தழும்பு.

"இவவையும் தேடணும்" என்றேன்.
"உங்களுக்கு என்ன முறை?"
படிவத்தில் அதற்கும் ஒரு கூடு இருந்தது.
என் பேனையும் அங்கே கொஞ்சம் நின்றது.

கட்டணம் கட்டி, ரசீது வெட்டிய மறுகாதான்
உள்ளே போய் அதைத் தூக்கிவந்தார்:
எழுபத்தெட்டுப் புயலில் நனைந்து
பத்து வருசச் சாவுகள் ஒன்றாய் ஒட்டிய
செங்கல் மாதிரி ஒன்று.
"பிரிச்சாத் தூளாப் போயிரும்.
காசும் திருப்பித் தர ஏலா, குறைநினைக்காதீங்க."

அவளுடைய சாவைச் சொல்ல
யார் நடந்தார்களோ.

திரும்பும் பஸ்ஸில், களுவாஞ்சிக்குடி தாண்டி,
மிச்சக்காசு எண்ணும்போது ரசீது வந்தது கையோடு.
விண்ணப்பதாரர்: த. வினோதரஞ்சினி.
தேடப்படுபவர்: அவ்வாஉம்மா.
ஒன்றன் கீழ் ஒன்று, இன்றைய திகதியோடு.
ஊதா முத்திரை
நேராக விழாமல் சாய்ந்து
இரண்டு பெயரிலும் பட்டிருந்தது.